பார்க்காத ஓடைக்குத் ‘தகுதியில்லை’ என்று எழுதாதீர்கள்
வன மேற்பார்வையாளருக்கும் திட்டத் திருத்தக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் வடமேற்கில், கொலம்பியா ஆற்று வடிநிலத்தின் உள்மலைகளில் இருக்கும் நம் தேசிய வனத்தின் மேற்பார்வையாளர் அவர்களுக்கும், வனத் திட்டத்தைத் திருத்தும் குழுவினருக்கும்:

நீங்கள் வெளியிட்டிருக்கும் வரைவின் பின்னிணைப்பில் ஓடைகளின் தகுதி அட்டவணை இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் ‘காட்டியல்பும் எழிலும் கொண்ட ஆறுகள்’ (Wild and Scenic Rivers) சட்டத்தின்கீழ் எந்த ஓடைகளைக் காப்பது பற்றிப் பிற்பாடு யோசிக்கலாம் என்று சொல்ல வேண்டிய அட்டவணை அது. ‘தகுதியில்லை’ என்று முடியும் வரிகளில் மிகப் பலவற்றுக்கு ஒரே காரணம்தான் எழுதப்பட்டிருக்கிறது: ‘இவ்வட்டாரத்தில் பரவலாகக் காணப்படும் இயல்புகள்.’ ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு வெட்டி ஒட்டியது என்பது காற்புள்ளிகூட இடம் மாறாததிலேயே தெரிகிறது. மீன் என்ற கட்டத்தில் ‘தகவல் இல்லை’ என்று நீங்களே எழுதிய ஓடைகளுக்கும் இதே முடிவுதான். தகவலே இல்லாதபோது, அங்கே இருப்பது பரவலானது என்று எப்படித் தெரிந்தது?

இந்த மடலின் ஆங்கில வடிவம் பொதுக்கருத்துக் கோப்பில் சேர்ந்துவிட்டது. இந்த ஓடைகளுக்கு வார இறுதியில் கூடாரமும் தூண்டிலுமாக வரும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். கருத்துச் சொல்ல ஒரு காலம் உண்டு, அது ஒரு நாள் முடிந்துவிடும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தமிழிலும் எழுதுவது அதற்காக.

இந்தக் கட்டத்தில் சட்டம் கேட்பது இரண்டே கேள்வி. ஓடை தடையின்றி ஓடுகிறதா? அதனிடம், அல்லது அதன் கரையோரத்தில், தனித்துச் சொல்லத்தக்க சிறப்பு ஒன்றாவது இருக்கிறதா? காட்சி, பொழுதுபோக்கு, நிலவியல், மீன், காட்டுயிர், வரலாறு, பண்பாடு, அல்லது இவற்றை ஒத்த வேறொன்று. ஒன்று இருந்தால் போதும். காப்பது நல்லதா, யாருக்கு இடைஞ்சல், நிர்வகிக்க முடியுமா என்பதெல்லாம் அடுத்த கட்டமான பொருத்த ஆய்வுக்கு உரியவை. கடைசியில் முடிவு செய்வது பெரும்பாலும் நாடாளுமன்றமாகிய காங்கிரஸ். தகுதி ஆய்வு என்பது வெறும் கணக்கெடுப்பு: என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்து எழுதுவது. உங்கள் அட்டவணையின் குறிப்புக் கட்டத்திலோ ‘மேய்ச்சல் உரிமம் உள்ள பகுதி’, ‘மரம் வெட்டத் திட்டமிட்ட சரிவு’, ‘கீழ்ப்பகுதி தனியார் நிலம்’ என்றெல்லாம் இருக்கிறது. அவை பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் மேய்ச்சல் உரிமம் இருப்பதால் ஓடையில் மீன் இல்லாமல் போய்விடுவதில்லை. இரண்டாம் கட்டத்தின் கேள்வியை முதல் கட்டத்துக்குக் கொண்டுவந்தால், இரண்டாம் கட்டத்துக்குப் போக ஓடையே மிஞ்சாது.

இன்னொரு காரணம் ‘நீர்வரத்து குறைவு’. சட்டத்திலும் சரி, 1982இல் பொது நிலங்களைப் பார்க்கும் உள்துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும் சரி, குறைந்தபட்ச நீர்வரத்து என்று ஒன்று இல்லவே இல்லை. சொல்லப்பட்ட சிறப்பைத் தாங்கும் அளவுக்கு நீர் இருந்தால் போதும். கோடையில் சில மாதம் மணலுக்குள் மறைந்துபோகும் ஓடைகூட அதனாலேயே தள்ளுபடியாகாது. குறைந்தபட்ச நீளமும் கிடையாது. போர்ட்டோ ரிக்கோவின் எல் யுன்கே காட்டில் 2002இல் காக்கப்பட்ட மூன்று ஓடைகளையும் சேர்த்தாலே 9 மைல் வராது. அவற்றில் ரியோ தே லா மினாவின் நீளம் 2.1 மைல். சட்டத்தின் 16(அ) பிரிவு ‘ஆறு’ என்ற சொல்லுக்குள் ஓடை, சிற்றோடை, கால், கயம் போன்ற சிறு ஏரி வரை எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறது. அமெரிக்காவின் ஒவ்வொரு மூலையிலும் ஓடைக்கு வழங்கும் பெயர்களைத் தேடிப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு மெனக்கெட்டது சின்ன ஓடை கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தானே?

விட்டுப்போன ஓடைகள் தனிக்கதை. உங்கள் துறையின் கையேடு, நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் 7.5 நிமிட (ஒரு பாகையின் எட்டில் ஒரு பங்கு அளவு நிலத்தைக் காட்டும்) வரைபடத்தில் பெயரோடு குறிக்கப்பட்ட ஓடைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அது குறைந்தபட்சம். நீங்கள் அதையே உச்சவரம்பாக வைத்துக்கொண்டீர்கள். 1:24,000 அளவுள்ள அதே வரைபடத்தில் நீலக்கோடு மட்டும் இருந்து பெயர் இல்லாத கிளைகள் நம் வனத்தில் ஏராளம். பெயர் வைத்தவர்கள் சுரங்கக்காரர்களும் ஆடு மேய்த்தவர்களும். அவர்களுக்கு வேலை இல்லாத பள்ளத்தாக்குக்குப் பெயரும் இல்லை. மனித வேலை நடக்காத ஓடைகளைத் தேடும் கணக்கெடுப்பில் இது எவ்வளவு விசித்திரமான சல்லடை என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, தடையற்ற ஓட்டம். ஒரு சாலை குறுக்கே போகிறது, அதன் அடியில் நீர் போக இரும்புக் குழாய், அதாவது கல்வெர்ட், இருக்கிறது என்பதற்காக ஒரு ஓடையின் முழு நீளத்தையும் ‘மாற்றியமைக்கப்பட்டது’ என்று தள்ளியிருக்கிறீர்கள். 16(ஆ) பிரிவு தேக்கம், திருப்பல், நேராக்கல், கரைக்குக் கல் பதித்தல் ஆகியவை இல்லாமல் இயல்பாக ஓடுவதைத்தான் தடையற்ற ஓட்டம் என்கிறது. கையோடு, தாழ்ந்த அணையோ சிறு கட்டுமானமோ இருப்பது தானாகவே தகுதியைப் பறிக்காது என்றும் சொல்லிவிடுகிறது. கல்வெர்ட் தண்ணீரைத் தேக்குவதில்லை. அது செய்யும் கெடுதல் வேறு வகை. ஓடை கரை நிரம்ப ஓடும்போது இருக்கும் அகலத்தைவிடக் குறுகலாகக் குழாய் பதித்தால், உள்ளே நீர் வேகம் பிடித்து வெளிவாயின் கீழே குழி பறிக்கும். நாலைந்து ஆண்டில் குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கும். மீனால் ஏறி உள்ளே போக முடியாது. திருத்தக்கூடிய பழுது இது. உங்கள் துறையின் பொறியாளர்களே ஓடையின் அகலத்துக்கும் சரிவுக்கும் ஏற்ற அடித்தளத்தோடு குழாயை மாற்றும் முறையை வகுத்து, பல வனங்களில் செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

உண்மையிலேயே தடுக்கப்பட்ட ஓடை எப்படி மீண்டு தகுதி பெறும் என்பதற்கு அரிசோனாவின் ஃபாசில் கிரீக்கைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக அதன் ஊற்று நீரை இரண்டு மின் நிலையங்கள் திருப்பிக்கொண்டிருந்தன. 2005இல் முழு நீரும் ஓடைக்குத் திரும்பியது; சுண்ணாம்புப் படிவுத் திட்டுகள் மறுபடி வளரத் தொடங்கின; 2009இல் சுமார் 17 மைலுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அங்கே நூற்றாண்டுத் திருப்பல் தடையாகவில்லை. இங்கே ஒரு கல்வெர்ட் தடையாகிவிட்டது.

இனி மீன். எங்கள் முக்கியமான மறுப்பு இங்கேதான்.

2012ஆம் ஆண்டின் திட்ட விதிப்படி, முறையான கணக்கெடுப்பு முன்பே முடிந்து பதிவாகியிருந்து, சூழ்நிலையும் மாறவில்லை என்றால் மட்டுமே மறுபடி செய்ய வேண்டியதில்லை. பல ஓடைகளுக்கு நீங்கள் இந்த விலக்கைத்தான் காட்டுகிறீர்கள். ஆதாரமாக 1990களின் தொடக்கத்தில் முடித்த கணக்கெடுப்பைச் சொல்கிறீர்கள். புல் ட்ரவுட் (bull trout) என்ற குளிர்நீர் மீன் கொலம்பியா வடிநிலத்தில் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது 1998இல். 1999இல் அந்த அறிவிப்பு அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான மாநிலங்கள் முழுவதற்கும் விரிந்தது. அதன் இன்றியமையா வாழிடங்கள் புதிதாக வரையறுக்கப்பட்டது 2010இல். உங்கள் பழைய கணக்கெடுப்பு நடந்தபோது இவற்றில் எதுவுமே இல்லை. சூழ்நிலை மாறவில்லை என்பதை நீங்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

புல் ட்ரவுட்டுக்கு வேண்டியது குளிர்ந்த நீர், அதுவும் மிகக் குளிர்ந்த நீர். நீரின் வெப்பம் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, பெரும்பாலும் செப்டம்பரில், அது முட்டையிடும். பெண்மீன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்ட பின் மேல்பக்கத்துக் கல்லைத் தள்ளி மூடும். கரையில் நின்று பார்த்தால், சுற்றிலும் பாசி படிந்து பழுப்பேறிய கற்களுக்கு நடுவே, கழுவி வைத்தது போல வெளுத்த நீள்வட்டம் ஒன்று தெரியும்: மேல்முனையில் பள்ளம், கீழ்முனையில் மேடு. முட்டையாக விழுந்ததிலிருந்து குஞ்சு கல்லிடுக்கை விட்டு மேலே வர 200 நாளுக்கு மேலும் ஆகும். அந்த மாதங்களில் மேலே சாலை வெட்டி மண் சரிந்து வண்டல் படிந்தால், கல்லுக்குள் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். வெளியே யாருக்கும் தெரியாது.

உங்கள் கோப்பில் ‘மீன் காணப்படவில்லை’ என்ற பதிவுகள் சிலவற்றைப் பார்த்தோம். ஜூலை, பகல் நேரம், ஒரே ஒரு முறை முக்குளித்துப் பார்த்தது. புல் ட்ரவுட் குஞ்சுகள் பகலில் கற்களின் இடுக்குக்குள் போய்விடும். இரவில் விளக்கோடு இறங்கினால்தான் ஓரளவுக்கு உண்மையான எண்ணிக்கை கிடைக்கும். பெரிய மீன்களும் முட்டையிடும் கிளைகளுக்கு ஜூலையில் முழுதாக வந்து சேர்ந்திருக்காது. இனம் பிரிப்பதிலும் பிழை நேர்கிறது. கிழக்கிலிருந்து கொண்டுவந்து விட்ட புரூக் ட்ரவுட்டுக்கு முதுகுத் துடுப்பில் புழு ஊர்ந்தது போன்ற கறுப்புக் கோடுகள் இருக்கும். புல் ட்ரவுட்டின் முதுகுத் துடுப்பில் கறுப்பே இருக்காது. இரண்டும் கலந்து ஈனும் கலப்பினம் இடையில் நின்று குழப்பும். பருவகால ஊழியர் ஒருவர் ஓடும் நீரில் அரை நொடி பார்த்து எழுதும் பெயரை பல ஆண்டு நிற்கப்போகும் முடிவுக்கு ஆதாரமாக்குவது சரியல்ல.

இன்றைக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. மீன் உதிர்க்கும் மரபணுத் துகள்கள் நீரிலேயே மிதக்கின்றன. உங்கள் துறையின் ராக்கி மலை ஆய்வு நிலையமே வகுத்த முறை இது: 5 லிட்டர் ஓடை நீரை 1.5 மைக்ரான் கண்ணாடியிழை வடிகட்டி வழியாக இறைத்து, வடிகட்டியைச் சிலிக்கா மணிகளோடு பையில் அடைத்து, வெயில் படாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி என்பது புல் ட்ரவுட் தேடலில் பின்பற்றப்படும் இடைவெளி. கெடுவது எங்கே என்றும் தெரியும். எடுப்பவர் நீர் உறிஞ்சும் வாய்க்கு மேல்பக்கம் கால் வைத்தாலே போதும், முந்தைய ஓடையிலிருந்து காலணியில் ஒட்டி வந்தது மாதிரியில் சேர்ந்துவிடும். பனி உருகும் காலத்தில் கலங்கல் நீர் வடிகட்டியை அடைக்கும். இரண்டாவது வடிகட்டி போட வேண்டும், முழு 5 லிட்டர் ஆகிவிட்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்தக் கூடாது. சங்கமத்துக்குக் கீழே எடுத்தால் எந்தக் கிளையில் மீன் என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடையின் அடிவாரத்தில் ஒரே ஒரு மாதிரி எடுத்து, அதில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக மேலே பத்து கிலோமீட்டருக்கும் மீன் இல்லை என்று எழுதக் கூடாது.

வெப்பமும் அப்படித்தான். ஆகஸ்ட் சராசரி 11 டிகிரியைத் தாண்டாத ஓடைகள்தான் வருங்காலத்தில் குளிர்நீர் மீன்களுக்குப் புகலிடமாக மிஞ்சும் என்று உங்கள் ஆய்வு நிலையமே வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. வரைவில் அந்த வரைபடம் பற்றி ஒரு வரியும் இல்லை. அது மாதிரிக் கணிப்புதான், களத்தில் சரிபார்க்க வேண்டும் என்றால் அதற்கும் செலவு பெரிதில்லை. மணிக்கு ஒரு பதிவு எடுக்கும் வெப்பமானி ஒன்று ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் 744 எண்கள் தரும். போடும் முன் பொடித்த பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, 0 டிகிரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். துளையிட்ட பிவிசி உறைக்குள் வைத்து, பெரிய பாறையின் கீழ்நீர்ப் பக்கத்தில், நீர் நன்றாகக் கலந்து ஓடும் இடத்தில், நீருக்கடியில் ஒட்டும் எபாக்ஸிப் பசையால் பதிக்க வேண்டும். உறை இல்லாவிட்டால் வெயில் நேரே பட்டு ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக் காட்டும். தேங்கிய ஓரக் குட்டையில் போட்டால் குட்டையின் வெப்பம்தான் கிடைக்கும். செப்டம்பரில் நீர் இறங்கிக் கருவி வெளியே வந்துவிட்டால் பகலுக்கும் இரவுக்கும் வீச்சு சட்டென்று பெருகும். அந்த நாள்களை வெட்டி எறியாமல் சராசரி போட்டால் குளிர்ந்த ஓடை சூடான ஓடையாகிவிடும். உங்கள் கோப்பிலுள்ள ஒரு வரைகோட்டில் இந்த வீச்சு அப்பட்டமாகத் தெரிகிறது. அந்த ஓடையைத்தான் ‘வெப்பம் மிகுதி’ என்று விலக்கியிருக்கிறீர்கள்.

‘பரவலாகக் காணப்படுவது’ என்பதற்கு வருவோம். ஒரு சிறப்பு தனித்துவமானதா, அரியதா, அல்லது முன்மாதிரியானதா என்று ஒரு வட்டாரத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த வட்டாரம் நிலையானதல்ல. எந்தச் சிறப்பைப் பார்க்கிறோமோ அதற்குத் தக்கபடி மாறலாம் என்பது இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் துறைகளின் கூட்டுக் குழு தந்த 1999ஆம் ஆண்டு விளக்கம். நீங்கள் காட்சிக்கும் மீனுக்கும் வரலாற்றுக்கும் ஒரே வட்டாரத்தை வைத்திருக்கிறீர்கள், அதுவும் மாநிலம் முழுவதும். பெரும் பள்ளத்தாக்குகளோடு ஒப்பிட்டால் எந்த மலையோடையும் சாதாரணமாகத்தான் தெரியும். புல் ட்ரவுட்டுக்கு ஒப்பீட்டு வட்டாரம் அந்த மீன் கூட்டம் வாழும் துணை வடிநிலம். நிலவியலுக்கு அந்தப் பாறை அமைப்பு பரவியிருக்கும் எல்லை. கூட, காட்சிக்கான ஒளிப்படங்கள் அத்தனையும் ஆகஸ்ட் கடைசியில் எடுத்தவை. பனி உருகும் ஜூன் மாதத்து அருவியை ஆகஸ்டில் எடைபோட முடியாது.

வகைப்பாட்டைப் பற்றி ஒரு சொல். சட்டத்தில் மூன்று வகை: காட்டியல்பு, எழில், பொழுதுபோக்கு. தமிழில் ‘காட்டாறு’ என்றால் மழைக்குப் புரண்டு வரும் வெள்ளம் நினைவுக்கு வருவது போல, ஆங்கிலப் பெயர்களும் ஆளைத் திசைதிருப்பக்கூடியவை. எழில் வகை என்பது அழகைப் பற்றியதல்ல, பொழுதுபோக்கு வகை என்பது கேளிக்கையைப் பற்றியதல்ல. மூன்றும் கரையில் எவ்வளவு சாலை, கட்டடம், தேக்கம் ஏற்கனவே இருக்கிறது என்பதையே குறிக்கின்றன. இரண்டு ஓடைகளை ‘மக்கள் வருகை அதிகம்’ என்பதால் பொழுதுபோக்கு வகையில் போட்டிருக்கிறீர்கள். நடைபாதை வழியாக மட்டுமே போகக்கூடிய இடத்துக்கு எத்தனை பேர் நடந்து போனாலும் அது காட்டியல்பு வகைதான்.

பண்பாட்டுக் கட்டம் ஏறக்குறைய முழுவதும் காலி. 1855இன் உடன்படிக்கைகளில், வழக்கமாக மீன்பிடித்த இடங்களில் தொடர்ந்து மீன்பிடிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்ட பழங்குடி அரசுகள் இந்த வடிநிலத்தில் இருக்கின்றன. அவர்களிடம் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராததால் ‘பண்பாட்டுச் சிறப்பு இல்லை’ என்று முடித்திருக்கிறீர்கள். இடங்களை வெளியே சொல்ல அவர்களுக்குத் தயக்கம் இருக்கும்; அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. நேரில் போய், எதை எழுதுவது, எதை எழுதாமல் காப்பது என்று அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய வேலை இது.

தகுதி என்று எழுதிவிட்டால் வனமே பூட்டப்பட்டுவிடும் என்று கூட்டங்களில் பேசப்பட்டது. அப்படி இல்லை. தனியார் நிலத்தின் மேல் இதனால் எந்த அதிகாரமும் வராது. இருக்கும் நீர் உரிமையும் மேய்ச்சலும் செல்லுபடியாகும் சுரங்க உரிமையும் இதனால் ரத்தாவதில்லை. வரப்போவது இவ்வளவுதான்: இரு கரையிலும் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் பட்டையில், சொல்லப்பட்ட சிறப்பைக் கெடுக்கும் வேலையை வனத்துறை தானே செய்யாது, அனுமதிக்கவும் செய்யாது. இந்தப் பாதுகாப்பு மெலிதானதும்கூட. மின் நிலைய உரிமத்தைத் தடுக்கும் சட்டபூர்வ வலு இந்தக் கட்டத்தில் கிடையாது. மாண்டானாவின் ஈஸ்ட் ரோஸ்பட் கிரீக்கில் நீர்மின் நிலையம் கட்ட முன்மொழிவு வந்தபோது, உள்ளூர் மக்கள் பல ஆண்டு அலைந்து 2018 ஆகஸ்டில் தனிச்சட்டம் வாங்கித்தான் 20 மைலைக் காத்தார்கள். இவ்வளவு மெலிதான ஒன்றைக்கூடப் பார்க்காமல் மறுப்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

எனவே நாங்கள் கேட்பவை:

‘தகவல் இல்லை’ என்று எழுதப்பட்ட எந்த ஓடைக்கும் ‘தகுதியில்லை’ என்ற முடிவை இறுதித் திட்டத்தில் வைக்காதீர்கள். ‘ஆய்வு முடியவில்லை’ என்று எழுதி, முடியும்வரை தகுதியுள்ள ஓடைக்குரிய பாதுகாப்பையே அதற்கும் கொடுங்கள்.

2010இன் இன்றியமையா வாழிட வரைபடத்திலும் குளிர்நீர்ப் புகலிட வரைபடத்திலும் இடம்பெறும் ஒவ்வொரு ஓடையையும், பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பட்டியலில் சேருங்கள். அவற்றில் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் மரபணு மாதிரியும், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை வெப்பப் பதிவும் எடுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வடிகட்டிகளையும் அனுமதியையும் கொடுங்கள், வேலையை நாங்கள் செய்கிறோம்.

மேய்ச்சல், மரம், தனியார் நிலம், நீர்வரத்து, கல்வெர்ட் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிய எல்லா வரிகளையும் திரும்பப் பெற்று, சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுங்கள். ஒவ்வொரு சிறப்புக்கும் எந்த வட்டாரத்தோடு ஒப்பிட்டீர்கள், ஏன் என்று ஓடைவாரியாகப் பதிவு செய்யுங்கள். யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில் நின்று பார்த்தார்கள் என்பதும் அதில் வர வேண்டும். களத்துக்குப் போகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

பழங்குடி அரசுகளோடு நேர்ப்பேச்சு முடியும்வரை பண்பாட்டுக் கட்டத்தைத் திறந்தே வையுங்கள்.

திருத்திய அட்டவணையை வெளியிட்ட பிறகு, கருத்துச் சொல்ல 90 நாள் கொடுங்கள். அந்த நாள்களில் செப்டம்பர் மாதம் ஒன்றாவது அடங்கியிருக்கட்டும். குழுவில் உள்ள எவரானாலும் வரட்டும்; வெளுத்த அந்தக் கூழாங்கல் வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று கூட்டிப் போய்க் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
இவ்வனத்தின் ஓடைகளில் அளவெடுக்கும் நீரியல், மீனியல் பணியாளர்களும் தன்னார்வலர்களும்